'போர் அடிக்குது' என்று சொல்லும் பிள்ளை சோம்பேறி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். நம் பிள்ளைகள் விளையாட்டுப் பயிற்சிக்கு வந்து இரண்டே வாரத்தில் நின்றுவிடுகிறார்கள், காரணம் கேட்டால் "போர் அடிக்குது" என்கிறார்கள், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்த மனக்கட்டுப்பாடு இந்தச் சோம்பேறிகளுக்கு இல்லை, பிரம்பை எடுத்தால்தான் சரிவரும் என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த 'சோம்பேறி' என்ற சொல் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. அதே சொல்லை ஒரு திடலில் நின்று நானும் சொல்லியிருக்கிறேன்.

நான் பினாங்கு ஃபெர்ரியில் 29 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதலில் கார்களை வரிசைப்படுத்தி நிறுத்தும் வேலை, அப்புறம் இயந்திர அறை. தீவிலிருந்து பட்டர்வொர்த், பட்டர்வொர்த்திலிருந்து தீவு, ஒரு ஷிப்டில் பத்துப் பன்னிரண்டு முறை. அதே கடல், அதே கரை. பள்ளிக் காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த விளையாட்டு வேகநடை. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கும் காலின் முழங்கால் மடங்கக் கூடாது, பார்ப்பவர்களுக்கு வாத்து நடப்பதுபோல் தெரியும். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றபோது, ஜெட்டியில் இருந்த சின்னத் தொலைக்காட்சியின் முன்னால் நாங்கள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். 4 மணி 10 நிமிடம் அந்த மனிதர் நடந்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே இடையில் கோப்பி குடிக்கப் போகவேண்டும்போல் இருந்தது. அவர் அந்த நான்கு மணி நேரமும் தலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 50 கிலோமீட்டர் நடை 2021-இல் சப்போரோவில் நடந்ததோடு ஒலிம்பிக்கிலிருந்தே போய்விட்டது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஓய்வு நாள்களில் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நடையும் நெடுந்தூர ஓட்டமும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். புல் திடல், சுண்ணாம்புக் கோடு, ஒரு சுற்று 300 மீட்டர். 5,000 மீட்டர் நடக்க ஏறக்குறைய 17 சுற்று.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். படிவம் இரண்டு, 14 வயது. நல்ல நீளமான கால், இடுப்பு தானாகவே சுழலும். அந்த நடை பலருக்கு மூன்று வருடம் ஆனாலும் வராது. அவனுக்கு மூன்றே வாரத்தில் வந்தது. அப்பா இல்லை. அம்மா பாயான் லெப்பாசில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு மாதம் கழித்து அவன் எட்டாவது, ஒன்பதாவது சுற்றிலேயே நின்றுவிட ஆரம்பித்தான். மூச்சு வாங்காது, வியர்வைகூடப் பெரிதாக இருக்காது. சும்மா நின்றுவிடுவான். ஏன் என்று கேட்டால், "போர் அடிக்குது அங்கிள்." ஒரு புதன்கிழமை மாலை, மாநில அளவிலான பள்ளிப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மறுபடியும் நின்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படி, "உனக்கு உடம்பு இருக்கு, மனசு இல்லை. சோம்பேறிக்கு எதுக்கு ஸ்போர்ட்ஸ்?" என்று கேட்டேன். அவன் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனான். அப்புறம் வரவே இல்லை.

ஆறேழு வருடம் கழித்து ஒரு தைப்பூசத்தில் அவனைப் பார்த்தேன். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காவடி தூக்கிக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். விடியற்காலையில் புறப்பட்டவன், என்னிடம் வரும்போது வெயில் ஏறிவிட்டது. கூட வந்தவர்கள் "வேல் வேல்" என்று சொல்ல அவன் ஆடிக்கொண்டே அந்த 513 படியும் ஏறிப் போனான். இறங்கி வந்தபோது அவனே என்னைத் தேடி வந்து, "அங்கிள், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். 48 நாள் விரதம் இருந்திருக்கிறான். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, நடு இரவு ஷிப்டில் வேலை செய்துகொண்டே. மனசு இல்லாதவன் என்று நான் சொன்ன பையன்! எனக்கு வார்த்தை வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். "அன்னைக்குக் கால் வலிக்கல அங்கிள். தலைதான் வேலை செய்யல" என்றான்.

அந்தச் சொல்லை என்னவென்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. என் சின்ன மகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்தாள். ஒரு நாள் இதை அவளிடம் சொன்னபோது, "அப்பா, அவன் சொன்னதை வெள்ளைக்காரர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள்" என்று உட்காரவைத்து விளக்கினாள்.

2009-இல் வேல்ஸ் நாட்டில் பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேலே மார்கோரா என்பவரும் அவர் குழுவும் 16 பேரை வைத்துச் செய்த சோதனை அது. ஒரு நாள் அவர்களை 90 நிமிடம் கணினி முன்னால் உட்காரவைத்து, எழுத்துகள் மின்ன மின்னக் கவனமாகப் பார்த்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் சும்மா ஆவணப்படம் பார்க்கவைத்தார்கள். இரண்டு நாளும் அதன் பிறகு சைக்கிளில் ஏற்றி, இனி முடியாது என்னும் வரை மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி மிதித்தவர்கள், கணினியில் தலையைக் கொடுத்த நாளில் 640 விநாடியில் நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைவு. இதயத் துடிப்பில், இரத்தத்தில், தசையில் இந்தக் குறைவுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. மாறியது ஒன்றுதான்: மிதிக்க ஆரம்பித்த நிமிடத்திலிருந்தே அவர்களுக்கு அது அதிகச் சிரமமாக இருந்தது. உடம்பு தயாராக இருந்தும் 'இது ரொம்பக் கஷ்டம்' என்ற உணர்வு முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அந்தப் பையனின் புதன்கிழமையை மகளோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, தம்பியைக் கிளப்பி, பள்ளிப் பேருந்து. இரண்டு மணி வரை வகுப்பு. மூன்று முதல் ஐந்து வரை கணிதமும் அறிவியலும் டியூஷன். ஐந்தரைக்கு என் திடல். அவன் என்னிடம் கொண்டுவந்தது எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்த ஒரு தலையைத்தான். அதைக் கொண்டு 17 முறை ஒரே புல்லைச் சுற்று என்றேன். நின்றபோது, சோம்பேறி என்றேன்.

'அப்படியானால் மனக்கட்டுப்பாடு என்பது ஒரு தொட்டித் தண்ணீர் மாதிரி, பகலில் செலவானால் மாலையில் தீர்ந்துவிடும், அவ்வளவுதானா?' என்று கேட்டேன். அப்படித்தான் வெகுநாள் நம்பினார்களாம். 1998-இல் அமெரிக்காவில் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளர், பசியோடு வந்தவர்கள் முன்னால் சுடச்சுடச் சாக்லேட் பிஸ்கட்டும் பச்சை முள்ளங்கியும் வைத்தார். சிலரை முள்ளங்கி மட்டும்தான் தின்ன வேண்டும் என்றார். பிஸ்கட் வாசனையை அடக்கிக்கொண்டு முள்ளங்கி தின்றவர்கள், பிறகு விடையே இல்லாத ஒரு புதிரை 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். பிஸ்கட் தின்றவர்கள் 19 நிமிடம் போராடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000 பேருக்கு மேல் வைத்து இந்தக் கருத்தை மறுபடி சோதித்தபோது (முள்ளங்கி இல்லை, வேறு ஒரு பணி கொடுத்து) கிடைத்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. தொட்டிக் கதை அவ்வளவு எளிதல்ல என்று ஆகிவிட்டது. இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். நம் பக்கத்துத் தன்முனைப்புப் பேச்சாளர்கள் சிலர் இன்னும் அந்தத் தொட்டிக் கதையைப் பெற்றோர் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு நெஞ்சில் தைத்தது அதற்கு அடுத்ததாக மகள் சொன்னதுதான். 2020-இல் வான்யா வோல்ஃப், கொரின்னா மார்டரெல்லி என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தச் சோதனைகளில் பலவற்றில் கொடுக்கிற வேலையே சலிப்பூட்டுகிற வேலை, மனிதர்கள் கட்டுப்பாடு தீர்ந்துபோய் நிறுத்தினார்களா, சலித்துப்போய் நிறுத்தினார்களா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லையே என்று கேட்டார்கள். சலிப்பு என்பது ஒரு சமிக்ஞை, 'இதில் உனக்கு இப்போது ஒன்றும் கிடைக்கவில்லை, வேறு எதையாவது பார்' என்று தலை கொடுக்கும் மணியோசை என்கிறார்கள். அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது செய்கிற காரியத்தை விடாமல் செய்ய, அதற்கென்று தனியாக ஒரு பாடு பட வேண்டும். சலிப்பு வேறு, களைப்பு வேறு. ஆனால் சலிப்பே களைப்பைக் கூட்டும்.

இயந்திர அறையில் இருந்தவனுக்கு இது புதிதல்ல. அளவுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப்போலச் சிரமமான வேலை கிடையாது. கை வேலை செய்தால் நேரம் ஓடிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் பார்க்கும் ஆள்களுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. நார்மன் மேக்வொர்த் என்பவர் ஒரு கடிகார முள்ளை இரண்டு மணி நேரம் பார்க்கச் சொன்னார். அது எப்போதாவது ஒருமுறை இரட்டையாகத் தாவும்போது சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் தவற ஆரம்பித்துவிட்டது. பயிற்சி பெற்ற விமானப்படைக்காரர்களுக்கே அப்படி. அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. காவல் நேரத்தைக் குறைப்பதைப் பற்றித்தான் யோசித்தார்கள்.

சலிப்பு எவ்வளவு கசப்பானது என்பதற்கு இன்னொன்று. 2014-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆள்களை ஓர் அறையில் 15 நிமிடம் தனியே, ஒன்றும் செய்யாமல் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் மின் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை பட்டு, இனி வேண்டாம், தவிர்க்கக் காசு கொடுக்கிறேன் என்று சொன்னவர்கள்தாம் அவர்கள். அப்படியும் ஆண்கள் 18 பேரில் 12 பேர், பெண்கள் 24 பேரில் 6 பேர் தாங்களாகவே அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பதைவிட வலி மேல் என்று படித்த பெரியவர்களுக்கே தோன்றும்போது, 14 வயதுப் பிள்ளை பத்தாவது சுற்றில் நிற்பதில் என்ன ஆச்சரியம்?

இதை எழுதும்போது யாராவது 'அப்படியானால் பிள்ளைகளுக்குச் சலிப்பே தெரியாமல் விளையாட்டுக் காட்ட வேண்டுமா' என்று கேட்கலாம். கூடாது என்பதே என் எண்ணம். சலிப்பு இல்லாத விளையாட்டே கிடையாது. நம் பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் 8 முறை உலக ஸ்குவாஷ் வெற்றியாளர். 2006-இலிருந்து 2015 வரை 9 ஆண்டுகள் உலகத் தரவரிசையில் முதலிடத்தை விடவில்லை. ஸ்குவாஷ் தெரிந்தவர்களைக் கேளுங்கள், தனியாக அறைக்குள் நின்று பக்கச் சுவரை ஒட்டி ஒரே அடியை நூற்றுக்கணக்கில் அடிப்பதுதான் அந்த விளையாட்டின் அரிச்சுவடி. தங்கம் எடுத்த நாள் படத்தில் வரும், இந்த நாள்கள் வராது.

ஆனால் சலிப்பைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது வேறு, எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று கற்றுக்கொடுப்பது வேறு. முன்பு நான் முதலாவதை மட்டும் செய்தேன். என் அப்பாவும் என்னிடம் அதைத்தான் செய்தார்.

இப்போது எங்கள் திடலில் ஒரு வழக்கம் இருக்கிறது. குன்னர் போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் உண்டாக்கிய அளவுகோலை என் மகள் ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடிக்கம்பத்தில் கட்டியிருக்கிறாள். 6-இல் ஆரம்பித்து 20-இல் முடியும். 6 என்றால் சிரமமே இல்லை, 13 என்றால் கொஞ்சம் சிரமம், 20 என்றால் இதற்கு மேல் முடியாது. இந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் உத்தேசமாக இதயத் துடிப்பு வரும் என்பதற்காகவே 6-இல் தொடங்கினாராம். பிள்ளைகள் ஒவ்வொரு முறை கம்பத்தைத் தாண்டும்போதும் நான் "எத்தனை?" என்று கேட்பேன். அவர்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தன் மூச்சை, தன் தொடையை, தன் தோளை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். "பன்னிரண்டு… இல்லை அங்கிள், பதினொன்று, தோளை இறக்கிட்டேன்" என்று ஒரு பெண்பிள்ளை சொன்ன அன்று எனக்குக் கண் கலங்கியது. 1977-லேயே அமெரிக்காவில் மார்கன், பொல்லாக் என்ற இருவர் நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பேட்டி கண்டு எழுதியிருக்கிறார்கள். சுமாரான ஓட்டக்காரர்கள் பாட்டு, பழைய நினைவு என்று மனத்தை வேறு எங்காவது அனுப்பிவிடுகிறார்கள், தலைசிறந்தவர்கள் ஓட்டம் முழுக்கத் தங்கள் உடம்பையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. சரவணன் தலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற என் பழைய கேள்விக்குப் பதில் அதில் இருக்குமோ என்று தோன்றுகிறது.

அதனால்தான் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்க எங்கள் திடலில் அனுமதி இல்லை. பாட்டு சிரமத்தைக் குறைத்துக் காட்டும், மறுக்கவில்லை. காலையில் உடம்பைக் குறைக்க நடக்கிறவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் ஓடுதளப் போட்டி நாளில் அதைக் கழற்றத்தான் வேண்டும், விதி அப்படி. ஆறு மாதம் பாட்டோடு நடந்த பிள்ளைக்கு அன்றுதான் முதன்முதலாகத் தன் மூச்சுச் சத்தம் கேட்கும். பயந்துவிடும்.

அப்புறம், நின்றுவிடத் தோன்றும் நேரத்துக்கு ஒரு பதிலை முன்கூட்டியே வைத்திருக்கச் சொல்வேன். 'மனத்தை அடக்கு' என்று சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. 'போர் அடித்தால், கொடிக்கம்பம் வரை கைவீச்சை எண்ணுவேன்' என்று அவன் வாயாலேயே பயிற்சிக்கு முன்னால் சொல்லவைத்தால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நான்கு சுற்றுக்கு ஒருமுறை திசை மாறி நடப்போம். டியூஷன் உள்ள நாள்களில் பிள்ளைகள் வந்ததும் இருபது நிமிடம் பந்து, பேச்சு, வாழைப்பழம். அதற்குப் பிறகுதான் சுற்று. அதுவும் பத்துக்கு மேல் கிடையாது. நீண்ட நடை சனிக்கிழமை காலையில் மட்டும்.

அந்தக் காவடியைப் பற்றி நான் நிறைய நாள் யோசித்தேன். 17 சுற்றுக்குச் சலித்த கால்கள் 513 படிக்குச் சலிக்கவில்லையே. வர்ஜீனியா சோதனைக் குழுவில் இருந்த எரின் வெஸ்ட்கேட் 2018-இல் எழுதியதை மகள் படித்துக்காட்டினாள். கவனம் ஒட்டாதபோது சலிப்பு வருகிறது, செய்வதில் பொருள் தெரியாதபோதும் சலிப்பு வருகிறது, இரண்டும் தனித்தனி வாசல் என்கிறார். காவடி தூக்கியவனுக்கு எதற்காக ஏறுகிறோம் என்று தெரியும். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக நேர்ந்துகொண்டானாம். என் திடலில் அவனுக்கு எதற்காகச் சுற்றுகிறோம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "சுத்து" என்று மட்டும்தான் சொன்னேன். இப்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் வாரமே கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். ஒருவன் அண்ணனை முந்த வேண்டும் என்றான். ஒரு பிள்ளை, வீட்டில் சத்தம், இங்கே வந்தால் அமைதி என்றது. அது எனக்குப் போதும். அந்தப் பிள்ளை பதக்கம் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

பள்ளிகளில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளை "போர் அடிக்குது" என்றால் உடனே பதில் சொல்லாதீர்கள். இன்றைக்கு மதியம் என்ன செய்தாய், எப்போது சாப்பிட்டாய், இந்தப் பயிற்சி எளிதாக இருக்கிறதா, கடினமாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கேளுங்கள். சில நாள் அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சில நாள் கூடவே இரண்டு சுற்று நடக்க வேண்டியிருக்கும். நீங்கள் நடந்தால் அவன் நடப்பான், என் அனுபவத்தில் சொல்கிறேன். பிரம்பு வேண்டாம். பிரம்புக்குப் பயந்து நடக்கிற பிள்ளை, பிரம்பு இல்லாத இடத்தில் நின்றுவிடும். போட்டியின் 11-ஆவது சுற்றில் பிரம்பு எடுத்துக்கொண்டு யாரும் கூடப் போக முடியாது.

கடிதம் எழுதிய அந்த அன்பர் பினாங்குக்காரர் என்று போட்டிருந்தீர்கள். முடிந்தால் அவரிடம் சொல்லுங்கள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் திடலுக்கு வரட்டும். விலாசம் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஐந்து சுற்று நடக்கட்டும். கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் அவரிடமும் "எத்தனை?" என்று கேட்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபெர்ரி ஊழியர்,
ஜெலுத்தோங், பினாங்கு.